சமக்குறிக்கு இடப்புறம் உள்ள சாவிகளை மட்டும் ரெஜெக்ஸ் கொண்டு பிரித்தெடுப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். உரைக்கோப்பு ஒன்றின் ஒவ்வொரு வரியிலிருந்தும் சாவிகளை மட்டும், அதாவது சமக்குறிக்கு இடப்புறம் நிற்கும் பெயர்களை மட்டும், ரெகுலர் எக்ஸ்பிரஷன் (சுருக்கமாக ரெஜெக்ஸ்; உரையில் தேட வேண்டிய வடிவத்தை விவரிக்கும் குறிமுறை) கொண்டு பிரித்தெடுக்கும் ஒரு சிறு நிரலைப் பைத்தானில் எழுதி வருகிறேன். மதிப்புகள் எனக்கு இப்போது தேவையில்லை. எந்த வரியில் எந்தெந்தச் சாவிகள் வருகின்றன என்ற பட்டியல் கிடைத்தால் போதும். ஒரு மாதிரி வரி இது:

பெயர்="நூல் பதிவு"; வகை=நூல்; குறிப்பு="அளவு=200; நிலை=புதிது"; தொகை=12

எனக்குக் கிடைக்க வேண்டியவை பெயர், வகை, குறிப்பு, தொகை ஆகிய நான்கு மட்டுமே. மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும் அளவு, நிலை ஆகியவை குறிப்பின் உள்ளடக்கம். அவை சாவிகள் அல்ல.

முதலில், பாடநூல்களில் காட்டுவதைப் போலப் பின்சாய்வுக்கோட்டுடன் டபிள்யூ எழுதி, அதன் பின் கூட்டல் குறியும் சமக்குறியும் இட்டு, அதாவது \w+= என்று, எழுதிப் பார்த்தேன். ஆங்கிலச் சாவிகள் உள்ள வரிகளில் அது பிழையின்றி வேலை செய்தது. மேலே உள்ள தமிழ் வரியிலோ வெற்றுப் பட்டியல்தான் வந்தது. பிறகு, சமக்குறியும் அரைப்புள்ளியும் அல்லாத எதுவாகவும் இருக்கலாம் என்ற பொருளில் இப்படி மாற்றினேன்:

([^=;]+)=

இதற்கு ஆறு விடைகள் வந்தன: வேண்டிய நான்குடன், முன்னால் மேற்கோள் குறி ஒட்டிக்கொண்ட அளவு, அதை அடுத்து நிலை. பேராசையை, அதாவது கூடியவரை நீளமாகப் பொருந்தும் இயல்பை, குறைத்தால் சரியாகும் என்று எங்கோ படித்த நினைவில் (.+?)= என்றும் முயன்றேன்; அதில் இரண்டாவது சாவியாக, முதல் மதிப்பும் அரைப்புள்ளியும் வகை என்ற சொல்லும் ஒரே துண்டாக வந்தன. நான் எங்கே தவறுகிறேன் என்பதைவிட, இதை எப்படிச் சிந்திக்க வேண்டும் என்பதை யாராவது விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

வணக்கம் நண்பரே. உங்கள் மூன்று முயற்சிகளில் முதலாவதின் காரணம் வேறு, பின்னிரண்டின் காரணம் வேறு. நான் பின்னிரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சாவிகள் மட்டும் போதும் என்பதால், பேட்டர்னிலும் (தேடுவதற்காக எழுதிய வடிவத்திலும்) சாவியை மட்டுமே விவரித்திருக்கிறீர்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. எல்லாப் பொருத்தங்களையும் திரட்டித் தரும் ஃபைண்ட்ஆல் போன்ற ஒரு செயற்கூறு, பொருத்தம் முடிந்த இடத்திலிருந்து அடுத்த பொருத்தத்தைத் தேடுகிறது. உங்கள் பேட்டர்ன் சமக்குறியோடு முடிந்துவிடுவதால், அடுத்த தேடல் மதிப்பின் முதல் எழுத்திலேயே தொடங்குகிறது. தான் இப்போது ஒரு மதிப்புக்குள் நிற்பது, பொருத்தம் தேடும் அந்த எஞ்சினுக்குத் தெரியாது. தெரிவிக்கும் எதையும் நீங்கள் எழுதவும் இல்லை. ஆகவே மேற்கோளுக்குள் இருக்கும் அளவு என்ற சொல்லும் சமக்குறிக்கு முன் நிற்கிறது என்ற ஒரே தகுதியால் சாவியாகிவிடுகிறது. கேள்விக்குறி சேர்த்துப் பேராசையைக் குறைப்பது, பொருத்தம் எங்கே முடிய வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். எங்கே தொடங்குகிறது என்பதை அது தொடுவதே இல்லை. உங்கள் மூன்றாவது முயற்சியில் முந்தைய மதிப்பும் சாவியோடு சேர்ந்து வந்ததற்கு அதுதான் காரணம்.

வேண்டாத பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டுமானால் அதையும் பேட்டர்ன் விழுங்கியாக வேண்டும். மதிப்பை விழுங்குங்கள், ஆனால் விடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்:

([^=;"]+)= *(?:"(?:[^"\\]|\\.)*"|[^;"]*) *(?:;|$)

இதை இடமிருந்து வலமாகப் படித்துக் காட்டுகிறேன். முதல் பிறை அடைப்பு சாவியைப் பிடிக்கிறது. அதில் சமக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள் குறி ஆகிய மூன்றுக்கும் இடமில்லை. அடுத்து சமக்குறியும், இருந்தால் சில இடைவெளிகளும். அதன் பின் மதிப்புக்கு இரண்டு வழிகள் உள்ளன: மேற்கோளில் தொடங்கி மேற்கோளில் முடிவது ஒன்று, மேற்கோளே இல்லாமல் அரைப்புள்ளி வரை ஓடுவது மற்றொன்று. முதல் வழிக்குள் இருக்கும் \\. என்ற பகுதி, பின்சாய்வுக்கோட்டுக்குப் பின் வரும் எந்த எழுத்தையும் இணையாகவே விழுங்குகிறது, அதனால் மதிப்புக்குள் \" என்று எழுதப்பட்ட மேற்கோள் குறி அங்கேயே மதிப்பை முடித்துவிடாது. கடைசியில் அரைப்புள்ளி அல்லது வரியின் முடிவு.

(?: என்று தொடங்கும் அடைப்புகள் எதையும் பிடித்து வைப்பதில்லை என்பது இங்கே முக்கியம். பைத்தானின் ஃபைண்ட்ஆல், பிடிக்கும் அடைப்பு ஒன்று மட்டும் இருந்தால் சரங்களின் பட்டியலைத் தரும். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொரு விடையையும் டியூப்பிளாக, அதாவது பல உறுப்புகள் சேர்ந்த தொகுப்பாக, தரும். மேலே ஒரே ஒரு பிடிக்கும் அடைப்புதான் இருப்பதால் உங்கள் வரிக்கு நான்கு சாவிகள் நேரடியாகக் கிடைக்கும். இரண்டாவது சாவி முதலாக ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும். அதைப் பேட்டர்னுக்குள்ளேயே நீக்க முயல வேண்டாம், பிடித்த பிறகு, இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தை நீக்கும் ஸ்ட்ரிப் செய்துவிடுங்கள். ஒரே பேட்டர்னில் எல்லாவற்றையும் சாதிக்க நினைத்தால், ஆறு மாதம் கழித்து அதைப் படிக்க நேரும்போது நீங்களே அவதிப்படுவீர்கள்.

மதிப்புக்குள் மேற்கோள் இல்லாமலேயே சமக்குறி வந்தாலும், எடுத்துக்காட்டாக வாய்பாடு=அ=ஆ+1 என்று வந்தாலும், இது வாய்பாடு என்பதை மட்டுமே சாவியாகக் கொள்ளும். கோப்பு முழுவதையும் ஒரே சரமாகக் கொடுக்காமல் வரிவரியாகக் கொடுங்கள்; [^;"] போன்ற எதிர்மறைத் தொகுதி வரிமுறிவையும் சேர்த்தே விழுங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் மறுமொழி

முதல் முயற்சி ஏன் வெற்றுப் பட்டியலைத் தந்தது என்பதை நான் சொல்கிறேன்; தமிழில் நிரல் எழுதும் அனைவரும் ஒரு முறையாவது இதில் விழுந்திருப்போம்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் தரத்தில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட பகுதி, பதின்ம எண்ணில் சொன்னால், 2944 முதல் 3071 வரை. அதில் உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் எழுத்து என்ற வகையில் அடங்குகின்றன. கால், கொம்பு, கொக்கி, புள்ளி ஆகியவையோ எழுத்துகளாக இல்லாமல், எழுத்தோடு ஒட்டும் குறிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. நம் கண்ணுக்குப் பெயர் என்பது மூன்று எழுத்துகள். கணினிக்கு அது ப, எகரக் கொம்பு, ய, ர, புள்ளி என்ற ஐந்து குறியெண்கள். பைத்தானின் இயல்பான ரெஜெக்ஸ் நூலகத்தில் அந்த டபிள்யூ குறி எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் ஏற்கும். ஒட்டும் குறிகளை ஏற்காது. ஆகவே பெயர் என்ற சொல் அதற்கு ப என்றும் யர என்றும் இரண்டு துண்டுகளாகத்தான் தெரியும். உங்கள் நான்கு சாவிகளில் ஒன்று புள்ளியிலும், மற்றவை உயிர்மெய்க் குறிகளிலும் முடிகின்றன. சமக்குறியை ஒட்டி நிற்பது ஒட்டும் குறியாக இருப்பதால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பிற என்பதுபோல் அகரத்தில் முடியும் சாவி இருந்திருந்தால் ற என்ற துண்டாவது வந்திருக்கும். அப்படி வந்திருந்தால் காரணத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

இதற்கு மாற்றாகப் பலர் [அ-ஹ]+ என்று எழுதுகிறார்கள். அதுவும் உதவாது. அகரத்தின் எண் 2949, ஹகரத்தின் எண் 3001. காலின் எண்ணோ 3006, புள்ளியின் எண் 3021. குறிகள் அனைத்தும் ஹகரத்துக்கு அப்பால் இருப்பதால் அந்த வீச்சு அவற்றைத் தொடாது. ஆய்த எழுத்தும் அகரத்துக்கு முன்பே நிற்பதால் அதுவும் விடுபட்டுப் போகும்.

ஜாவாஸ்கிரிப்டில் நிலைமை இன்னும் கடுமையானது: அங்கே டபிள்யூ குறி ஆங்கில எழுத்துகள், எண்கள், அடிக்கோடு ஆகியவற்றைத் தவிர எதையும் ஏற்பதில்லை, யூனிகோட் கொடியை (ரெஜெக்ஸின் நடத்தையை மாற்றும் குறியை) இட்டாலும் அப்படியே. ஆனால் 2018-ஆம் ஆண்டின் தரவரையறை முதல், எழுத்து வகை, ஒட்டும் குறி வகை என்று யூனிகோட் பண்புகளைப் பெயர் சொல்லிக் கேட்கும் வசதி அங்கே உண்டு. அதே வரையறையில் வந்த பெயரிட்ட தொகுதிகளில் (?<சாவி>[^=;"]+) என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம்; படிப்பதற்கு அது எவ்வளவு இதமாக இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். பைத்தானின் இயல்பான நூலகத்தில் யூனிகோட் பண்புகளைக் கேட்க முடியாது. அதற்குத் தனியாக நிறுவிக்கொள்ளும் ரெஜெக்ஸ் என்ற பெயர் கொண்ட நூலகம் வேண்டும்.

என் கருத்தில், சாவியில் எந்த எழுத்துகள் வரலாம் என்று பட்டியலிடுவதைவிட, எவை வரக்கூடாது என்று சொல்வதே இத்தகைய கோப்புகளுக்கு உறுதியான வழி. முந்தைய மறுமொழியில் உள்ள [^=;"]+ எந்த மொழிக்கும் பொருந்துவது அதனால்தான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மதிப்பையும் விழுங்க வேண்டும் என்ற ஒரு வரி என் குழப்பத்தில் பெரும்பகுதியைத் தீர்த்துவிட்டது. முழுக் கோப்பிலும் இயக்கிப் பார்த்ததில் மூன்று புதிய தடைகள் வந்துள்ளன.

ஒன்று: சில வரிகளில் மூடும் மேற்கோள் குறி விடுபட்டுள்ளது. அந்த வரிகளில் குறிப்பு என்ற சாவி காணாமற்போய், அதற்குப் பதிலாக அளவு, நிலை ஆகியவை மீண்டும் சாவிகளாக வருகின்றன. பிழைச் செய்தி எதுவும் இல்லை என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது.

இரண்டு: அதைத் தடுக்க, வரி முழுவதும் ஒழுங்காக இருக்கிறதா என்று முதலில் சோதிக்கலாம் என எண்ணி ^(?:([^=;"]+)+=[^;]*;?)+$ என்று எழுதினேன். சமக்குறியே இல்லாத ஒரு தலைப்பு வரியில் நிரல் அப்படியே நின்றுவிட்டது.

மூன்று: கோப்பின் பிற்பகுதியில் சில வரிகள் ஜேசன் வடிவில் (சாவியையும் மதிப்பையும் முக்காற்புள்ளியால் இணைக்கும் தரவு வடிவம்) உள்ளன. அவற்றுக்கு "([^"]*)" *: என்ற பேட்டர்ன் போதுமா?

மூன்றாம் மறுமொழி

முதல் தடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் மூன்றிலும் ஆபத்தானது அதுதான். ஃபைண்ட்ஆல் என்பது தேடும் கருவி; பொருந்தாத இடத்தை அது பிழையாகக் கருதாமல், ஓர் எழுத்து தள்ளி மறுபடியும் முயல்கிறது. மூடாத மேற்கோளில் குறிப்பு என்ற சாவி பொருந்தாமல் போனதும், அது மெல்ல நகர்ந்து மேற்கோளைத் தாண்டி, அளவு என்ற இடத்தில் மீண்டும் பொருந்திக்கொண்டது. உங்களுக்கு வேண்டியது தேடல் அல்ல. ஒரு பொருத்தம் முடிந்த அதே இடத்தில் அடுத்தது தொடங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம்.

பைத்தானில் இதைச் செய்ய, பேட்டர்னைக் கம்பைல் செய்து, அதன் மேட்ச் முறையைச் சுழற்சிக்குள் அழைத்து, தொடங்க வேண்டிய இடத்தை இரண்டாவது அளவுருவாகக் கொடுங்கள். முதல் முறை 0. அதன் பிறகு முந்தைய பொருத்தம் முடிந்த இடம். எதுவும் திரும்பி வராத நிலையில் வரி முடிந்திருந்தால் எல்லாம் நலம். முடியாமல் இருந்தால் வரி எண்ணையும் நின்ற இடத்தையும் குறிப்பிட்டுப் பிழை எழுப்புங்கள். வரியின் இறுதியில் உள்ள வெற்றிடத்தை முன்பே நீக்கிவிடுவது நல்லது. ஜாவாஸ்கிரிப்டில் இதே வேலைக்கு ஸ்டிக்கி கொடி உள்ளது. பெர்ல், ஜாவா, டாட் நெட் ஆகியவற்றில் பின்சாய்வுக்கோட்டுடன் பெரிய ஜி எழுதினால் முந்தைய பொருத்தத்தின் முடிவு என்று பொருள்.

இதனால் வேகமும் கூடுகிறது. சமக்குறியே இல்லாத 10,000 எழுத்து வரியில் தேடல் முறை ஒவ்வொரு எழுத்திலிருந்தும் வரியின் இறுதி வரை ஓடிப் பார்க்கும். அது ஏறத்தாழ 5 கோடி எழுத்துகளைப் படிப்பதற்குச் சமம். தொடக்க இடம் கட்டாயமாக்கப்பட்டால் ஒரே ஓட்டத்தில் தோல்வி தெரிந்துவிடும்.

மூன்றாவது தடைக்கு வருகிறேன். ஜேசன் வரிகளைப் பொறுத்தவரை என் உறுதியான பரிந்துரை, பைத்தானுடனேயே வரும் ஜேசன் நூலகத்தைப் பயன்படுத்துங்கள் என்பதே. உங்கள் பேட்டர்ன் ஏன் போதாது என்பதை ["அ", ":"] என்ற சிறு எடுத்துக்காட்டில் பாருங்கள். இது வெறும் அணி (மதிப்புகளின் வரிசை). இதில் சாவியே கிடையாது. ஆனால் முதல் சரத்துக்குப் பின் முக்காற்புள்ளி இல்லாததால் எஞ்சின் ஓர் எழுத்து தள்ளிச் சென்று, அகரத்தை மூடும் மேற்கோளைத் திறக்கும் மேற்கோளாக எடுத்துக்கொண்டு, காற்புள்ளியையும் இடைவெளியையும் ஒரு சாவி என்று உங்களிடம் கொடுக்கும். உங்கள் முதல் கேள்வியில் இருந்த அதே தவறு இது: வேண்டாத சரத்தை விழுங்காமல் விட்டது. நூலகத்தைப் பயன்படுத்தவே முடியாத சூழல் என்றால், எல்லாச் சரங்களையும் விழுங்கி, முக்காற்புள்ளி பின்தொடர்ந்தவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்:

"((?:[^"\\]|\\.)*)"( *:)?

இதில் இரண்டு தொகுதிகள் இருப்பதால் விடைகள் இணைகளாக வரும். இரண்டாவது உறுப்பு வெறுமையாக இல்லாத இணையின் முதல் உறுப்பே சாவி. அப்போதும் எந்தச் சாவி எந்த அடுக்குக்குள் இருக்கிறது என்பது தெரியாது. எல்லையின்றி ஒன்றுக்குள் ஒன்று செல்லும் அடைப்புகளை எண்ணிப் பின்தொடர்வது, இலக்கண முறைப்படி, ரெகுலர் மொழிகளின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. சாவிக்குள் பின்சாய்வுக்கோடு இட்டு விடுபடு குறியீடாக எழுதப்பட்ட எழுத்துகளையும் நீங்களே மாற்ற வேண்டியிருக்கும்.

நூலகத்தைப் பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரே பொருளுக்குள் ஒரே சாவி இரண்டு முறை வந்தால் பைத்தான் கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளும். ஜேசனை வரையறுக்கும் ஆர்.எஃப்.சி. 8259 என்ற இணையத் தர ஆவணம், சாவிகள் தனித்தனியாக இருப்பது நல்லது என்று சொல்கிறதே தவிரக் கட்டாயமாக்கவில்லை. இரட்டைச் சாவிகளையும் காண வேண்டுமானால், இணைகளை அப்படியே உங்கள் செயற்கூற்றிடம் ஒப்படைக்கும் அளவுரு ஒன்று அந்த நூலகத்தில் உண்டு.

நான்காம் மறுமொழி

இரண்டாவது தடையை மேலுள்ளவர் தொடவில்லை என்பதால் நான் சேர்க்கிறேன். ([^=;"]+)+ என்பதில் கூட்டல் குறிக்குள் கூட்டல் குறி இருக்கிறது. 30 எழுத்துகள் கொண்ட ஒரு தலைப்பை ஒரே துண்டாகவும் கொள்ளலாம், இரண்டாகவும் பிரிக்கலாம், முப்பதாகவும் பிரிக்கலாம். மொத்தம் 2-இன் 29-ஆம் அடுக்கு, அதாவது 53 கோடிக்கும் மேற்பட்ட பிரிப்புகள். சமக்குறி கிடைக்காதபோது எஞ்சின் பின்வாங்கிப் பின்வாங்கி அத்தனையையும் முயன்று பார்க்கிறது. உங்கள் நிரல் நின்றுவிடவில்லை. அது உழைத்துக்கொண்டே இருந்தது. வெளியே உள்ள கூட்டல் குறியை நீக்கினால் இந்த வெடிப்பு அடங்கிவிடும், ஆனால் மூன்றாம் மறுமொழியின் முறையைக் கையாண்டால் இந்தத் தனிச் சோதனையே தேவைப்படாது.

இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இணையதளங்களுக்குப் பாதுகாப்பும் வேகமும் தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் 2019 ஜூலை 2 அன்று நடந்தது சான்று. அதன் பாதுகாப்பு விதிகளில் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒரு ரெஜெக்ஸ், உலகெங்கும் அதன் கணினிகளின் செயலிகளை முழுவதுமாக ஆக்கிரமித்து, ஏறத்தாழ 27 நிமிடங்கள் சேவையைத் தடைசெய்தது. அந்த நீண்ட பேட்டர்னில் கேடு விளைவித்த பகுதி இவ்வளவுதான்:

.*(?:.*=.*)

அதுவும் சமக்குறியைத் தேடிய பேட்டர்னே. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு புள்ளி விண்மீன்கள் (.*), சமக்குறிக்கு முன்னுள்ள உரையைத் தமக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்று ஒவ்வொரு வழியாக முயல்கின்றன.

வெளியிலிருந்து வரும் உரையைக் கையாளுவதாக இருந்தால், பின்வாங்கலே இல்லாத எஞ்சின்களைக் கருதிப் பாருங்கள். கணினியியலாளர் கென் தாம்சன் 1968-இல் வெளியிட்ட முறையின் வழியில் வந்த ஆர்.ஈ.2 நூலகம், கோ மொழியின் இயல்பான நூலகம், ரஸ்ட் மொழியின் ரெஜெக்ஸ் நூலகம் ஆகியவை உரையின் நீளத்துக்கு நேர்விகிதமான நேரத்தில் தேடி முடிப்பதாக உறுதியளிக்கின்றன. முன்னோக்கிப் பார்த்தலும் (அடுத்து வருவதை விழுங்காமல் சோதிப்பது) பின்சுட்டலும் (முன்பு பிடித்ததையே மீண்டும் பொருத்துவது) அவற்றில் கிடையாது. முதல் மறுமொழியில் உள்ள பேட்டர்ன் அவ்விரண்டையும் பயன்படுத்தவில்லை என்பதால் மாற்றமின்றி அங்கே ஓடும். பைத்தானிலேயே தொடர விரும்பினால், 3.11 பதிப்பு முதல் *+ போன்ற, விழுங்கியதைத் திருப்பித் தராத குறிகள் உள்ளன. மேற்கோளின் உட்பகுதிக்கு அவை மிகப் பொருத்தமானவை.

கேள்வி கேட்டவர்

மேட்ச் முறையைச் சுழற்சியில் வைத்து மாற்றி எழுதினேன். மூடாத மேற்கோள்கள் இப்போது வரி எண்ணுடன் வெளிப்படுகின்றன. ஜேசன் வரிகளை நூலகத்திடம் ஒப்படைத்துவிட்டேன்.

எஞ்சியிருப்பது ஒன்று. சாவிகளின் இறுதிப் பட்டியலில் பெயர், தொகை ஆகிய இரண்டும் இரண்டிரண்டு முறை வருகின்றன. திரையில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. நீளத்தை அச்சிட்டுப் பார்த்தால் ஒரு பெயர் 5, மற்றொன்று 6. ஒரு தொகை 4, மற்றொன்று 5.

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

நீளத்தை அச்சிட்டுப் பார்த்தது மிக நல்ல செயல். அதிலேயே விடை இருக்கிறது.

நீளம் 6 உள்ள பெயர், பெரும்பாலும் கோப்பின் முதல் சாவியாக இருக்கும். கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் 65279 என்ற குறியெண் அதனுடன் ஒட்டியிருக்கிறது. பைத்தானின் ஸ்ட்ரிப் அதை வெற்றிடமாகக் கருதாது. கோப்பைத் திறக்கும்போதே குறியாக்கப் பெயரை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் அது நீங்கிவிடும்.

தொகையின் கதை வேறு. தொ என்பதை தகரத்துடன் ஒகரக் குறி என்ற ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் கொம்பு, கால் என்ற இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். இரண்டும் ஒரே உருவில் தோன்றும், ஆனால் ஒப்பிட்டால் வேறுபடும். ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியெண் வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கத்தில் என்.எஃப்.சி. வடிவம் இரண்டையும் ஒரே குறியெண்ணாகச் சேர்த்துவிடும். பைத்தானில் அதற்கு யூனிகோட்டேட்டா நூலகம் உள்ளது. ஆனால் இயல்பாக்கம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. ஔகாரக் குறியின் பிற்பகுதிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டச்சு செய்திருந்தால் அது எழுத்துப்பிழையாகவே நிற்கும். ஸ்ரீ என்பதை ஸகரத்தில் தொடங்கி எழுதியதையும், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி எழுதியதையும் அது ஒன்றாக்காது. அத்தகைய சாவிகள் உங்கள் கோப்பில் இருந்தால், தனியாக ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இயல்பாக்கத்தை வரி முழுவதற்கும் செய்யாமல், பிடித்தெடுத்த சாவிக்கு மட்டும் செய்யுங்கள். மதிப்புகள் பின்னொரு நாள் தேவைப்படும்போது அவை கோப்பில் இருந்தபடியே இருக்க வேண்டும். பிழை சுட்டும்போது நீங்கள் அச்சிடும் இடமும் மூலக் கோப்பில் உள்ள இடத்தோடு பொருந்த வேண்டும்.